வாங்கலாமா, அக்கா?

ஜூன் 27, வெள்ளி

இரண்டாவது ஷிஃப்ட் முடித்து, காக்களூர் சிட்கோவிலிருந்து கம்பெனி வேன் ஊர்முனையில் இறக்கிவிட்டபோது இரவு பதினொன்றரை. திருப்பாச்சூர் முழுக்க அடங்கிவிட்டது. தம்பி மட்டும் தூங்காமல் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான்.

"ஸ்டீம்ல கோடைத் தள்ளுபடி போட்டிருக்காங்க அக்கா. டிஸ்கோ எலிசியம்னு ஒரு கேம். வாங்கலாமா?"

ஸ்டீம் என்பது கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடை. துப்பாக்கிச் சண்டையா என்று கேட்டேன். சண்டை போட அதில் பட்டனே இல்லையாம், எல்லாம் பேச்சுதானாம். பத்து லட்சம் சொற்களுக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு துப்பறிவாளர் ஒரு கொலையை விசாரிக்கிறார். அவர் என்ன பேச வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும்.

விலை, தள்ளுபடி போக, என்னுடைய ஒரு நாள் ஓவர்டைமுக்குள் அடங்கிவிடும். ஆனாலும் இந்த வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்கூட்டியே ஒரு வேலை காத்திருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று படுத்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

அம்மாவோடு வாசீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். ஊர்ப் பெயரில் உள்ள பாசு என்றால் மூங்கில். இந்த ஊரே ஒருகாலத்தில் மூங்கில் காடு, அந்தப் புதருக்குள்தான் சுவாமி கிடைத்தார் என்பார்கள். வாசி என்ற கருவி பட்ட வெட்டுத் தழும்பு லிங்கத்தின் மேல் இன்னும் இருக்கிறது என்பதால் கையால் தொடாமல் பூசை நடக்கிறது. சின்ன வயதிலிருந்து இந்தக் கதையை அம்மா எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள்! ஒவ்வொரு முறையும் நான் குறுக்கே ஒரு கேள்வி கேட்பேன், கதை கொஞ்சம் வேறு பக்கம் போகும். கேட்பவரின் கேள்விக்கு ஏற்பத் திரும்புகிற கதை நமக்குப் புதிதல்ல என்று பிராகாரத்தில் நடக்கும்போது தோன்றியது.

ஜூலை 2, புதன்

விசாரித்தவரை எழுதி வைக்கிறேன்.

விளையாட்டு 2019 அக்டோபரில் வந்தது. எல்லா வசனங்களுக்கும் குரல் சேர்த்த முழுப் பதிப்பு 2021 மார்ச்சில் வந்தது. எழுதியவர்களில் முக்கியமானவர்கள் எஸ்டோனியாக்காரர்கள். அந்த நாட்டின் மக்கள்தொகை 13 லட்சத்துக்கு மேல். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் 37 லட்சம் பேர். தலைமை எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ் 2013இல் இதே உலகத்தை வைத்துத் தம் மொழியில் ஒரு நாவல் எழுதினார், அது விற்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த விளையாட்டு. ஆனால் 2022இல் அவரும் முக்கியமான சிலரும் அதை உருவாக்கிய நிறுவனத்தில் இப்போது இல்லை என்ற செய்தி வெளியே வந்தது. வேலை செய்தவர் கைக்குப் போகாத பணம் என்றால் எனக்கு மனம் ஒப்பாது. ரொம்ப நேரம் இங்கேயே நின்றேன். எழுதியவர் போய்விட்டார் என்பதற்காக அவர் எழுதியதைப் படிக்காமல் விடுவதும் அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை என்றுதான் கடைசியில் பட்டது.

அடுத்து மொழி. தமிழில் கிடையாது. ஆங்கிலமும் பாடப்புத்தக ஆங்கிலம் இல்லை, கடினம்.

அடுத்து டேட்டா. 20 ஜிபி இடம் கேட்கிறது. எங்களுக்கு ஒரு நாளைக்கு 2 ஜிபிதான், இறக்க ஒரு வாரமாவது ஆகும்.

ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் கதை சூடு பிடிக்கவே இரண்டு மணி நேரம் ஆகிற விளையாட்டுக்கு அந்த விதி எந்த அளவுக்கு உதவும்?

ஜூலை 5, சனி

வாங்கிவிட்டோம். யுபிஐயில் நான்தான் கட்டினேன். கட்டும்போது ஒரு பழைய நினைவு வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியதே எங்கள் காக்களூரில்தான். நான் அப்போது பிளஸ் டூ. அன்றைக்கு எங்களுக்குக் கணினி என்றால் வேலைக்குப் போக ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். அதன் முன் உட்கார்ந்து ஒரு கதையைப் படிக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

முதல் இரவு. துப்பறிவாளர் ஒரு விடுதி அறையில் போதை தெளிந்து எழுகிறார். சுழலும் மின்விசிறியில் அவருடைய கழுத்துப்பட்டை மாட்டியிருக்கிறது. தம்பி விசிறியை நிறுத்தாமல் அதை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். மாரடைப்பு. ஆள் செத்துவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை!

இரண்டாம் முறை நான் உட்கார்ந்தேன். அவருக்குள் 24 திறமைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தலைக்குள்ளிருந்து பேசுகிறது. நம் பழைய படங்களில் கண்ணாடிக்குள்ளிருந்து மனசாட்சி பேசுமே, அதுபோல் 24 பேர். ஒன்று தர்க்கம் பேசும், ஒன்று பரிதாபப்படும், ஒன்று இன்னொரு குவளை குடி என்று நச்சரிக்கும். குடித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய தெருவில் வளர்ந்தவள் நான். அவர்களுக்குள் இப்படி ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கும் என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன்.

முக்கியமான செயல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகடை உருளும். இரண்டிலும் ஆறு விழுந்தால் கட்டாய வெற்றி. இரண்டிலும் ஒன்று விழுந்தால், எவ்வளவு திறமை இருந்தாலும் தோல்விதான்.

விடுதிக்குப் பின்னால் மரத்தில் ஏழு நாளாக ஒரு உடல் தொங்குகிறது. நாற்றம் தாங்காமல் எங்கள் ஆள் வாந்தி எடுத்துவிட்டார். பகடை தோற்றது. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. கூட வந்த அதிகாரி கிம் கிட்சுராகி கேலி செய்யாமல் காத்திருந்தார், கதை வேறு வழியில் நகர்ந்தது.

நான் பார்ப்பது தரப் பரிசோதனை வேலை. வெர்னியரில் ஒரு நூலளவு கூடினாலும் சிவப்பு மை, ரிஜெக்ட் டப்பா. பதின்மூன்று வருடமாக இதுதான் என் கை. தோற்றதையும் தூக்கிப் போடாமல் அதையும் கதையாக்கிக் கொள்கிற ஒன்றை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மணி பார்த்தான் தம்பி. "ஒன்னே முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு அக்கா. திருப்பிக் கொடுக்கணும்னா இப்பவே சொல்லு."

ஆடுடா என்றேன்.

ஜூலை 19, சனி

இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். அவன் ஆங்கிலத்தில் படிக்கிறான், நான் தமிழில் சொல்கிறேன், அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிறாள். தெரியாத சொற்களுக்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். இதுவரை நான்கு பக்கம்.

கதை நடக்கும் ஊரில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம். சங்கத் தலைவர் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார், ஆனால் நமக்குப் போட்டிருக்கும் நாற்காலி உட்கார்ந்தாலே வலிக்கிற நாற்காலி. கம்பெனி சார்பில் வந்த அம்மையார் படகில் இருந்துகொண்டு அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார். யாரை நம்புவது? 2024 செப்டம்பரிலிருந்து சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தபோது எங்கள் வேனில் தினமும் இதே கேள்விதான், ஆளுக்கொரு பதில். 1918இல் சென்னையில் தொழிலாளர் சங்கம் தொடங்கிய காலத்திலும் பின்னி ஆலை வாசலில் இப்படித்தான் பேசியிருப்பார்கள். எங்கோ எஸ்டோனியாவிலிருந்து வந்து எழுதியவர்களுக்கு எங்கள் வேனுக்குள் நடக்கும் பேச்சு தெரிந்திருக்கிறது.

"இது நம்ம சிட்கோ கதை மாதிரியே இருக்குதேடி" என்றாள் அம்மா.

ஜூலை 20, ஞாயிறு

கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, தன் அண்ணன் மகனும் இதையே கேட்கிறான், வாங்கித் தரலாமா என்று போனில் கேட்டாள். எட்டாவது படிக்கிறான். வேண்டாம் என்று சொன்னேன். குடி, வசவு, பிணம் எல்லாம் வருகிற, பெரியவர்களுக்கான கதை இது. அவனுக்கு ஒரே மாலையில் முடிகிற 'வெண்பா' போதும். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், இட்லி, அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு. 2024இல் பாஃப்டா விருதும் வாங்கியது.

பெரியவர்கள் கேட்டால் என் பதில் வேறு. எத்தனை மணி நேரம் ஓடும் என்று கணக்குப் போட்டு இதை வாங்காதீர்கள். நிதானமாகப் படிக்க வாரத்துக்கு ஓர் இரவு இருக்கிறதா, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் பணம் வீணாகாது என்று என் ஓவர்டைம் பணத்தை வைத்து உறுதி சொல்கிறேன். இல்லாவிட்டால் தள்ளுபடியிலும் இது நஷ்டம்தான்.

நாளையிலிருந்து காலை ஷிஃப்ட். மரத்திலிருந்து உடலை நாங்கள் இன்னும் இறக்கவில்லை. கிம் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் நிற்கிறார். அடுத்த சனி இரவு வரை நிற்பார்.