நரக வாசலில் ஒரு மெக்கானிக்கல் பையன்

கடைப் பக்கம் வந்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. காரணம் இருக்கு மக்களே. ஆபீஸ்ல என்னை நைரோபிக்குத் தள்ளி விட்டுட்டாங்க. ஆணி அங்கேயும் அதே ஆணிதான், அதைப் பத்தி எழுதி உங்களைக் கொல்லப் போறதில்லை.

ஒரு சனிக்கிழமை டிரைவரோட நைவாஷா கிளம்பினேன். ரெண்டு மணி நேரப் பயணம். அங்கே 'ஹெல்ஸ் கேட்'னு ஒரு தேசியப் பூங்கா. அதாவது நரக வாசல். வாடகை சைக்கிள்ல வரிக்குதிரைகளுக்கு நடுவுல மிதிச்சுட்டுப் போகலாம். கொஞ்ச தூரத்துல மலைக்குப் பின்னாடி வெள்ளை வெள்ளையா ஆவி. பேய் இல்லீங்க, நீராவி. ஓல்கரியா புவிவெப்ப மின் நிலையம் அங்கேதான் இருக்கு. பெரிய பெரிய குழாய்கள், அங்கங்கே வளைவு மாதிரி மேலே தூக்கி விட்டிருக்காங்க. சூட்டுல குழாய் விரியறதுக்கும் இடமாச்சு, அடியில ஒட்டகச்சிவிங்கி போறதுக்கும் வழியாச்சு.

நான் படிச்சது மெக்கானிக்கல். பவர் பிளான்ட்டுக்குப் போகணும்னுதான் ஆசை. கேம்பஸ்ல சாஃப்ட்வேர்காரங்க அள்ளிட்டுப் போனதோட ஸ்டீம் டேபிளை மூடி வெச்சாச்சு. அந்தக் குழாயைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிஞ்சது உண்மை.

மேட்டர் இதுதான். கென்யாவைக் கிழிச்சுக்கிட்டுப் போற ரிஃப்ட் பள்ளத்தாக்குல பூமியோட தோல் மெல்லிசு. ரெண்டு மூணு கிலோமீட்டர் துளை போட்டா கொதிக்கிற தண்ணியும் ஆவியும் பீறிக்கிட்டு வரும். மழை பொய்ச்சா அணைக்கட்டு கரண்ட் படுத்துடும் (1999-2000 வறட்சியில அப்படித்தான் ஆச்சு), இதுக்கு மழையே வேண்டாம். மொத்தம் 10,000 மெகாவாட் எடுக்கலாம்னு கணக்கு சொல்றாங்க. இப்ப நிறுவியிருக்கிறது 900 சொச்சம். அதுவே நாட்டு மின்சாரத்துல கிட்டத்தட்ட 40 சதவீதம்.

அப்ப மீதி எங்கேன்னு கேப்பீங்க. ஓல்கரியாவுல முதல் ரெண்டு கிணறு 1956-ல தோண்டினாங்க, ஊத்திக்கிச்சு. முதல் 15 மெகாவாட் வந்தது 1981-ல! ஒரு கிணத்துக்கே பல கோடி ரூபாய், ஆவி வரலைன்னா போனது போனதுதான். எந்த முதலாளி முதல் துளை போடுவான்? அதனாலதான் 2008-ல அரசாங்கமே துளை போடறதுக்குன்னு ஜிடிசின்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சது. அதுவும் மெனெங்காய்ல 2011-ல தோண்ட ஆரம்பிச்சு, முதல் 35 மெகாவாட் நிலையம் ஓடினது 2023-ல.

ராத்திரி திரும்பறப்பவும் அந்த ஆவி மேலே போயிட்டே இருந்துச்சு. டிரைவர்கிட்ட என் அறிவைக் காட்டினேன். ராத்திரி கரண்ட் தேவை குறைஞ்சிடும், கிணத்தை ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி திருப்ப முடியாது, அதனால டர்பைனுக்கு அனுப்பாம ஆவியைக் காத்துல விட்டுடறாங்கன்னு.

அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பாஸ், எங்க வீட்ல ப்ரீபெய்டு மீட்டர். மாசக் கடைசியில டோக்கன் வாங்கக் காசு இருக்காது, புள்ளைங்க இருட்டுலதான் உக்காந்திருக்கும். சும்மா போற ஆவியைக் கம்மி விலைக்குக் குடுக்கக் கூடாதா? நீங்க இன்ஜினியர்தானே?"ன்னார்.

தொழிற்சாலைங்களுக்கு 2017 கடைசியிலேயே ராத்திரி சலுகை விலை வந்தாச்சு. 2024 மே மாசம் மைக்ரோசாஃப்டும் ஜி42-வும் ஓல்கரியா ஆவியில ஓடற டேட்டா சென்டர் கட்டப் போறதா அறிவிச்சாங்க. ஓல்கரியா 4-க்காக 2014-ல இடம் மாத்தின மசாய் குடும்பங்கள் உலக வங்கி வரைக்கும் புகார் கொண்டு போனாங்க. எனக்கு எல்லாம் தெரியும். அவர் வீட்டு மீட்டருக்கு மட்டும் பதில் தெரியலை. "பார்க்கலாம்"னு என்னமோ முனகிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன்.

ஊருக்கு வந்ததும் பரண்ல ஏறி ஸ்டீம் டேபிள் புக்கைத் தேடினேன். போன தீபாவளிக்கே அம்மா அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டாங்களாம்.