தண்ணீர் வேண்டாம்

அந்த வரிசைக்கு முன்னால் வேறு இருக்கை கிடையாது, சுவர்தான். சுவரில் தொட்டில் மாட்டுவதற்கான பிடிகள். கைக்குழந்தையோடு பயணம் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளும் இடம் அது. சென்னையிலிருந்து லண்டனுக்கு நேராகப் போகும் விமானம். விடிவதற்கு முன் கிளம்பி, பத்து மணி நேரத்துக்கும் மேல் பறந்து, அங்கே நண்பகலை ஒட்டி இறங்கும்.

இருபத்தேழு, இருபத்தெட்டு வயது மதிக்கத்தக்க பெண். முதுகில் ஒரு பை, தோளில் ஒரு பை, இடுப்பில் குழந்தை. பெண் குழந்தை, எட்டு மாதம் என்று பணிப்பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், இப்போது கணவரிடம் திரும்புகிறாள் என்பது கைபேசியில் அவள் சொன்ன பதில்களிலிருந்து புரிந்தது.

"ஏறிட்டேம்மா. முன்னாடி சீட்டுதான். ஆமா, ஸ்வெட்டர் போட்டுட்டேன். நீ அழாதம்மா. நீ அழுதா எனக்கும் வந்துடும். வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கை வேண்டும். இரண்டு கையிலும் குழந்தை இருந்தது. தோளை உயர்த்தி அதிலேயே கன்னத்தை ஒற்றிக்கொண்டாள்.

பணிப்பெண் ஒரு குட்டி பெல்ட்டைக் கொண்டுவந்தாள். தாயின் பெல்ட்டில் கோத்து, குழந்தையின் இடுப்பைச் சுற்றிப் போடுவது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குப் பன்னாட்டு விமானங்களில் பெரியவர்களின் கட்டணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வாங்குகிறார்கள். அதற்குத் தனி இருக்கை கிடையாது. தாயின் மடிதான் இருக்கை. தனி பாஸ்போர்ட் மட்டும் கட்டாயம் வேண்டும்.

வலது பக்கத்தில், அதே சுவரை ஒட்டி, இன்னொரு கைக்குழந்தை இருந்தது. இரண்டு குழந்தைகளையும் அடுத்தடுத்து உட்காரவைக்காததற்குக் காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு இருக்கைத் தொகுதிக்கும் ஆட்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக வைத்திருக்கும் ஆக்சிஜன் முகமூடி பெரும்பாலும் ஒன்றுதான். ஆகவே ஒரு தொகுதிக்கு ஒரு மடிக்குழந்தைதான். அந்தப் பக்கத்துக் குழந்தைக்கு அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருக்கலாம். இந்தப் பக்கம் இவள் ஒருத்திதான்.

விமானம் ஓடுதளத்தில் வேகமெடுத்தபோது துப்பட்டாவை இழுத்துவிட்டுப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். பசிக்காகக் கொடுத்த பால் அல்ல அது. காதுக்குள்ளிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழாய் இறங்குகிறது. விழுங்கும்போதெல்லாம் அது திறந்து, உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் வெளியே இருக்கும் அழுத்தத்தையும் சமன் செய்கிறது. குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாக, குறுகலாக, ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருப்பதால் எளிதில் திறக்காது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. ஊட்டி சுமார் 7,350 அடி. கடற்கரை ஊரில் ஏறிய குழந்தை அரை மணிக்குள் ஊட்டி உயரத்துக்குப் போய்விடுகிறது. பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சமாளிப்பார்கள். எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்தான் விழுங்க ஏதாவது கொடுக்க வேண்டும். இவள் அதைத் தெரிந்து வைத்திருந்தாள்.

விமானம் நிலைப்பட்டதும் தண்ணீரும் பழச்சாறும் வந்தன.

"வேண்டாம்," என்றாள்.

சுவரில் தொட்டிலை மாட்டினார்கள். கொண்டுவந்த பழைய பருத்திப் புடவைத் துண்டை அதில் விரித்தாள். வீட்டில் தூளி கட்டிய புடவையாக இருக்க வேண்டும். குழந்தையைக் கிடத்தினாள். கால் நீட்டினால் தொட்டிலின் ஓரம் தட்டியது. இன்னும் இரண்டு மாதம் போனால் இந்தத் தொட்டில் போதாது. என்ஜினின் ஒரே சீரான இரைச்சலில் குழந்தை கண் செருகியது. தாய் இருக்கையில் சாய்ந்து முதல்முறையாக மூச்சை நிதானமாக விட்டாள்.

பெல்ட் விளக்கு எரிந்தது. காற்றுக் கொந்தளிப்பு. விளக்கு எரிந்தால் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக் கட்டியாக வேண்டும். விமானம் திடீரென்று கீழே அமிழ்ந்தால் தொட்டில் குழந்தையைப் பிடித்து வைத்திருக்காது. விதி சரியானது. ஆனால் தூங்க வைக்க முக்கால் மணி நேரமான குழந்தையை எழுப்ப நொடிகள் போதும். எடுத்தாள். குழந்தை விழித்தது. விளக்கு அணைந்தது. மறுபடி தட்டிக் கொடுத்துக் கிடத்தினாள். மறுபடி விளக்கு.

இரண்டாவது தடவை எடுத்தபோது குழந்தை அழ ஆரம்பித்தது. கண்ணைக் கசக்கி, காதைப் பிடித்து இழுத்து, உடம்பை வில்லாக வளைத்து அழுதது. தாய் எழுந்து நின்றாள், அசைந்தாள், காதில் ஏதோ முனகினாள். அழுகை நிற்கவில்லை. அப்போது அவள் செய்ததைச் சொல்ல வேண்டும். பின்னால் திரும்பி, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து, "சாரி, சாரி," என்றாள். பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னாள். அவர் கண்ணை மூடியிருந்தார், அவரிடமும் சொன்னாள். யாரும் கேட்காத மன்னிப்பை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிலர் காதில் கருவியை மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "கொழந்தை இருக்கிற சீட்டு எதுன்னு முன்னாடியே காட்டணும் சார்," என்றார். ஜப்பான் ஏர்லைன்ஸ் 2019-இலிருந்து அப்படிக் காட்டுகிறது: இருக்கைத் தேர்வுப் படத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வரும் இடத்தில் ஒரு குழந்தை முகம். சத்தம் தாங்காதவர்கள் தள்ளிப் போய் உட்காரலாம்; அதில் தவறு ஒன்றும் இல்லை. கையில் வைத்திருப்பவள் எங்கே தள்ளிப் போவாள்?

இன்னொரு அம்மாள் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்: "சளி மருந்து கொஞ்சம் குடுத்திருந்தா தூங்கியிருக்குமே?" தாய் தலையாட்டிக்கொண்டாளே தவிர பதில் சொல்லவில்லை. தூக்கத்துக்காகக் குழந்தைகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். சில குழந்தைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதிலாகப் படபடப்பைக் கொடுக்கும்; மூச்சை மந்தமாக்கும் ஆபத்தும் உண்டு. அவள் பையில் அந்த மருந்து இல்லை. ராகிப் பொடியும், இரண்டு மாற்று உடையும், ஒரு மரக் கிலுகிலுப்பையும் இருந்தன.

உணவு வண்டி வந்தது. மடியில் குழந்தை இருக்கும்போது தட்டை எங்கே வைப்பது? "அப்புறம் சாப்பிடறேன்," என்றாள். "தண்ணீராவது?" என்று பணிப்பெண் கேட்டாள். "வேண்டாம்." குழந்தைக்கு ராகி கலக்க வெந்நீர் மட்டும் கேட்டாள். பணிப்பெண் பாதிக் குவளை ஊற்றி, மூடி போட்டு, குழந்தையின் தலைக்கு மேலாக நீட்டாமல் சுற்றி வந்து கொடுத்தாள். குழந்தை நாலு ஸ்பூன் சாப்பிட்டது, ஐந்தாவதைத் துப்பியது. மறுபடி பால்.

இப்படியே மணிகள் போயின. திரையில் சின்ன விமானம் அரபிக்கடலைத் தாண்டி மேற்கே ஊர்ந்தது. வெளியே பகல், உள்ளே சன்னல்களை இறக்கிவிட்டு இரவாக்கியிருந்தார்கள். மூன்றாவது முறையாகத் தண்ணீர் வந்தபோதும் அவள் வேண்டாம் என்றாள். உதடு வெடித்திருந்தது. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே தொண்டை வறளும். பால் கொடுக்கிற உடம்பு எத்தனை மணி நேரம் தாங்கும்?

அவளுக்குப் பின்வரிசையில், நடைபாதை ஓரமாக, அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். சுங்குடிப் புடவைக்கு மேல் கம்பளிச் சட்டை. மகளின் இரண்டாவது பிரசவத்துக்குப் போகிறார் என்பது ஏறும்போதே அந்த வரிசைக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அவரும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். எழுந்து முன்னால் வந்தார்.

"ஏன் அம்மிணி, ஏறுனதுலருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலையே?"

"தாகம் இல்லைங்கம்மா."

"பால் குடுக்கற ஒடம்புக்குத் தாகம் இல்லையா?"

அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "குடிச்சா பாத்ரூம் போகணுங்கம்மா," என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். அந்தச் சின்னக் கதவுக்குள் ஒரு ஆள் நிற்பதே சிரமம். மடக்கித் திறக்கும் பலகையில் குழந்தைக்குத் துணி மாற்றலாமே தவிர, அதில் குழந்தையை விட்டுவிட்டுத் தாய் தன் காரியத்தைப் பார்க்க முடியாது. தொட்டிலில் தனியே விட்டுப் போகவும் கூடாது. நடுவில் விளக்கு எரிந்தால் எடுக்க ஆள் வேண்டும். பணிப்பெண்கள் வண்டியோடு எங்கோ பின்னால் இருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் பிள்ளையைக் கொடுக்க மனம் வர வேண்டும். கேட்க வாய் வர வேண்டும். ஏற்கனவே இத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டவளுக்கு உதவி கேட்க எப்படி வாய் வரும்? அதனால் தண்ணீரை நிறுத்திவிட்டாள். வீட்டில் கிளம்பும்போதே நிறுத்தியிருப்பாள்.

"எங்கிட்டக் குடு. நீ போயிட்டு வா."

"வேத்து முகம் பாக்கறாங்கம்மா. அழுவா."

"அழட்டும். நீ போ கண்ணு. நான் இங்கயேதான் நிக்கறேன், எங்கயும் போகல."

எட்டு மாதம் என்பது தாயின் முகத்தையும் மற்ற முகங்களையும் பிரித்துப் பார்த்துப் பயப்படுகிற பருவம். கை மாறியதும் வீறிட்டது. அந்த அம்மாள் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கொஞ்சவில்லை, வாயால் சத்தம் எழுப்பவில்லை. குழந்தையைத் தன் மார்பில் முதுகு படும்படி வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தான் வேறெங்கோ பார்த்தபடி, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்றார். முகம் தெரியாததால் பயம் குறைந்ததோ, அசைவு பழகியதோ, அழுகை விம்மலாக இறங்கியது. வளையல் கைக்கு எட்டியது. பிடித்துக்கொண்டது.

கழிவறைக் கதவு திறந்தது. ஓடி வந்தாள், முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டினாள். அம்மாள் தரவில்லை.

"மொதல்ல தண்ணி குடி. அப்பறஞ் சோறு. உக்காரு."

எடுத்துவைத்திருந்த தட்டைப் பணிப்பெண் சூடாக்கிக் கொண்டுவந்தாள். தாய் ஒரு குவளைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள். பிறகு இரண்டு கைகளாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். நடுவில் ஒருமுறை நிறுத்தி, மேலே பார்த்து, கண்ணைக் கொட்டிக் கொட்டி அழுகையை அடக்கிவிட்டு மறுபடி சாப்பிட்டாள். அந்த அம்மாள் அதையும் பார்க்காததுபோல நின்றார்.

அதன் பிறகும் குழந்தை அழாமல் இல்லை. ஒருமுறை பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து, தன் இடத்தை அந்த அம்மாளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். தாய் முக்கால் மணி நேரம் தூங்கினாள். எதிரே கிடந்த மரக் கிலுகிலுப்பையை வலது பக்கத்து அப்பா குனிந்து எடுத்துத் துடைத்து வைத்தார். இன்னொரு தடவை குழந்தை வீறிட்டபோது அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்குவதற்கு அரை மணி முன்பு குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. காதுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கடினம். தூங்குகிறவர்கள் அதிகம் விழுங்குவதில்லை. எழுப்பினால் அழும், எழுப்பாவிட்டால் காது வலித்து அழும். அவள் அந்த அம்மாளைப் பார்த்தாள், அவர் தலையசைத்தார். பாதத்தைத் தடவி மெல்ல எழுப்பி, பாலுக்குச் சேர்த்துக்கொண்டாள். சக்கரம் தரையைத் தொட்டபோதும் குழந்தை குடித்துக்கொண்டிருந்தது.

லண்டனில் நண்பகல், குழந்தையின் உடம்புக்குச் சென்னையின் சாயங்காலம். குடிவரவு வரிசையில் அதிகாரி குழந்தையின் பாஸ்போர்ட்டைத் திறந்தார். சிறுவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுக்கப்படுவது. அதிலிருந்த படம் கழுத்து நிற்காத பருவத்தில் எடுத்தது போலிருந்தது. முன்னால் இருந்ததோ நிமிர்ந்து உட்கார்ந்து அவருடைய பேனாவைப் பறிக்கப் பார்த்த ஆள். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்துவிட்டு முத்திரையை எடுத்தார்.

பெட்டிகளுக்காகக் காத்திருந்தபோது அவள் ஊருக்குப் பேசினாள். "வந்துட்டோம்மா. நல்லபடியா வந்தா. கொஞ்சம் அழுதா. துணைக்கு ஒரு அம்மா இருந்தாங்க."

பெற்றவர்களை உடன் அழைத்துவர எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. விசா வேண்டும், டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும், அவர்கள் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். ஆகவே இன்றைக்கும் நாளைக்கும் தனியாகக் கைக்குழந்தையோடு பெண்கள் விமானம் ஏறிக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களிடம் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொள்வது நல்ல குணம்தான், ஆனால் அது அவர்கள் தாகத்தைத் தீர்ப்பதில்லை. பத்து நிமிடம் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அவளாகக் கேட்க மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்: "நீங்க போயிட்டு வாங்க, நாங்க பாத்துக்கறோம்." முதல் தண்ணீர் வண்டி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.