சாதாவா, ஸ்பெஷலா?

ஓட்டலில் சப்ளையர் இப்படிக் கேட்டால் எனக்குக் குழப்பமே வராது. 'சாதா' என்று சொல்லிவிடுவேன். ஸ்பெஷல் தோசை என்பது சாதா தோசைக்கு மேல் நாலு முந்திரியும் முப்பது ரூபாயும் என்பது பி.காம். படிக்காமலேயே புரிகிற கணக்கு. ஆனால் பெட்ரோல் பங்க்கில் பையன் இதையே கேட்டபோது, மூன்று வருஷம் தொடர்ந்து 'பிரீமியம்' என்றேன். பக்கத்து வண்டிக்காரருக்கும் கேட்கிற மாதிரி.

காரணம், டர்போ. 2022-ல் நண்பனிடமிருந்து கைமாறி வந்த சின்ன கார். ஒரு லிட்டர் இன்ஜின்தான். ஆனால் பின்பக்கம் குரோமியத்தில் 'டர்போ' என்று எழுதியிருக்கும். சாவியைக் கொடுக்கும்போதே நண்பன் சொல்லிவிட்டான். "மாப்ளே, இது டர்போ. சாதா பெட்ரோலைப் போட்டேன்னு வையி, இன்ஜின் காலி." பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பா மாதிரி முகம். அதற்கப்புறம் எப்படி சாதா போடுவது?

டர்போ என்ன செய்கிறது? வெளியே வீணாகப் போகிற புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிறது. அமுக்கினால் சூடு ஏறும். ஸ்பார்க் பிளக்கிலிருந்து கிளம்பிய தீ வந்து சேருவதற்குள், மூலையில் இருக்கிற பெட்ரோல் பொறுமையிழந்து தானாகவே பற்றிக்கொள்ளும். வாடிவாசலில் கட்டையை எடுக்கும் முன்பே முட்டிக்கொண்டு வருகிற காளை மாதிரி. அந்த முட்டல்தான் 'நாக்கிங்'. ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலத்தைச் சொல்கிற எண் அல்ல, பொறுமையைச் சொல்கிற எண். எனக்கு இது ரொம்ப லேட்டாகத்தான் தெரிந்தது. எண் கூடினால் வண்டி பறக்கும் என்றே நினைத்திருந்தேன்.

அந்தப் பொறுமை நிஜமாகவே உயிர் காத்த கதையும் உண்டு. 1940-ல் ஜெர்மன் விமானங்களோடு மோதிய பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர்களில் 100 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினார்கள். அவற்றின் மெர்லின் இன்ஜினிலும் காற்றை அமுக்கித் திணிக்கிற ஏற்பாடு உண்டு. பொறுமையான பெட்ரோல் கிடைத்ததால் இன்னும் கொஞ்சம் அமுக்க முடிந்தது. அதே யுத்தத்தில் நம் மதுரையில் பெட்ரோலுக்கே பஞ்சம். டி.வி. சுந்தரம் அய்யங்கார் தன் பஸ்களுக்காக 'டி.வி.எஸ். காஸ் பிளான்ட்' என்று ஒன்றைத் தயாரித்தார். கரியை எரித்து, அதில் வருகிற வாயுவில் பஸ் ஓடியது. அந்த டிரைவர்களிடம் யாரும் சாதாவா, பிரீமியமா என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

என் கதைக்கு வருகிறேன். 2025 மே மாதம். மதுரை வெயில் தாங்காமல் கொடைக்கானல் கிளம்பினோம். ஐந்து பேர், ஆறு பை, ஏ.சி. முழு வேகத்தில். பிரீமியம் ஃபுல் டேங்க். வத்தலக்குண்டு தாண்டி காட்ரோட்டில் ஏற ஆரம்பித்ததும் முன்னால் 'உய்ய்ங்' என்று ஒரு விசில். டம்டம் பாறை வருவதற்குள் வண்டிக்கு மூச்சு வாங்கியது. பின்னால் நீலப் புகை.

"ஏங்க, சாதா பெட்ரோல் போட்டீங்களா?" என்றாள் மனைவி. மூன்று வருஷ பிரச்சாரத்தின் பலன்.

எப்படியோ உருட்டி இறக்கி, செல்லூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நிலவரத்தைச் சொல்லி, "பெட்ரோல்ல கலப்படமா இருக்குமோண்ணே?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் பெட்ரோல் டேங்க் மூடிக்கு மேல் இருக்கிற சின்னக் கதவைத் திறந்தார். உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர். குறைந்தது 91 ஆக்டேன் போதும் என்று கம்பெனிக்காரனே எழுதி ஒட்டியிருக்கிறான். அதற்கு மேலே மூடியைத் திருகித் திருகித்தான் மூன்று வருஷமும் பெட்ரோல் போட்டிருக்கிறேன்.

"95-க்கு மேலதான் போடணும்னு எழுதியிருந்தா போட்டுத்தான் ஆகணும் சார். சில வெளிநாட்டு வண்டிக்கு அப்படி இருக்கும். இதுக்கு எதுக்கு? நாக்கிங் வந்தாலும் அதைக் கேக்கறதுக்குன்னே உள்ள ஒரு சென்சார் இருக்கு. பொறியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கும். லேசா இழுவை குறையும், அம்புட்டுதான்."

இதில் இன்னொரு வேடிக்கை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு சாதா பம்பிலேயே 95 ஆக்டேன். எத்தனாலின் ஆக்டேன் 108.5, கலக்காத பெட்ரோலுக்கு 84.4 என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும் என்பது வேறு விஷயம். ஆக, கடைசிக் காலத்தில் நான் கூடுதலாகக் கொடுத்த காசு ஆக்டேனுக்குக்கூட இல்லை. இன்ஜினைச் சுத்தமாக வைப்பதாகச் சொல்கிற ரசாயனத்துக்கு. 2002-ல் பாரத் பெட்ரோலியம் 'ஸ்பீடு' கொண்டுவந்த நாளிலிருந்து நமக்குச் சொல்லப்பட்டு வருகிற சமாசாரம்தான். அது பொய் என்று சொல்லமாட்டேன். என் வண்டியின் வியாதி அது இல்லை.

"ஆயில் எப்ப மாத்துனீங்க?" என்றார் மெக்கானிக்.

நான் மேலே பார்த்தேன். அவர் ஆயில் குச்சியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். நுனியில் மட்டும் தார் மாதிரி ஒரு பொட்டு.

டர்போவின் அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலுமாம். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். ஆயில் கெட்டால் டர்போ கெட்டது. "மலை ஏறி வந்ததும் டக்குனு சாவியத் திருப்பிருவீங்களா?" என்று அடுத்த கேள்வி. அதற்கும் மேலே பார்த்தேன். "ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு அணைக்கணும் சார். அது பாவம்ல?"

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு டேங்குக்கு 35 லிட்டர், லிட்டருக்கு ஏழு ரூபாய் கூடுதல், மாசம் மூன்று டேங்க். மாசத்துக்கு 735. மூன்று வருஷத்துக்கு 26,460 ரூபாய். அந்த வரவில்லாத செலவு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்ட இரண்டு ஆயில் சர்வீஸில் மிச்சம் பிடித்தது சுமார் எட்டாயிரம். டர்போ மாற்றிய பில், கூலி சேர்த்து ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். மகளின் காலேஜ் ஃபீஸுக்காக வங்கியில் போட்டுவைத்திருந்த பணம் உடைந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி என்னவென்று மட்டும் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள்.

யோசித்தால், பங்க்கில் 'பிரீமியம்' என்று சொல்லும்போது வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு நிறைவு இருந்தது. ஆயில் மாற்றினால் யாருக்குத் தெரியப் போகிறது?

போன வாரம் காளவாசல் பக்கம் ஒரு பங்க்கில் நின்றேன். "பிரீமியம்தானே சார்?" என்றான் பையன், பழைய ஞாபகத்தில். "சாதா" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எதுவும் பிரச்சினையா சார்?" என்று மெதுவாகக் கேட்டான்.