துணைவரைத் தெரிந்து கொளல்

கருவியை வாங்குதல் எளிது. அதனை நமக்கேற்ப அமைத்துத் தருவாரைத் தெரிந்து கொள்ளுதல் அரிது. ஏர் வாங்கும் உழவன் கொழுவின் கூர்மையைக் கையால் தடவிப் பார்த்து விலை பேசுவான். கண்ணுக்குப் புலனாகாத மென்பொருளை அவ்வாறு தடவிப் பார்த்தல் இயலாது. அதனை அமைத்துத் தருவோம் என்று வருவாரின் சொல்லொன்றே அப்பொழுது நம்முன் நிற்பதாகும். அச்சொல்லை எங்ஙனம் அளந்தறிவது என்பதைக் குறித்து ஓசூரில் யாம் கண்டறிந்த சிலவற்றை, இம்மலரின் வாயிலாக மாணவ நண்பர்க்கும் ஆசிரியப் பெருமக்கட்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அங்குத் தொழிற்பேட்டை அமைத்தது. 1980-இல் அசோக் லேலண்டின் தொழிற்சாலை எழுந்தது, அவ்வாண்டிலேயே டி.வி.எஸ். மொபெட் வண்டியும் அங்கிருந்து வெளிவந்தது. பின்னர் டைட்டன் கைக்கடிகாரமும் அவ்வூரிற் பிறந்தது. இப்பெருந்தொழில்களின் நிழலில் உதிரிப்பாகங்கள் செய்யும் சிறு பட்டறைகள் பல வளர்ந்தன. யாம் பணிபுரிவதும் அத்தகையதொரு பட்டறையே. ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். எம் வாடிக்கையாளருள் ஒரு சாரார் எல்லைக்கு இப்பாலும் மற்றொரு சாரார் அப்பாலும் உளர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தொலைபேசிப் பேச்சிற் கலந்து வருதல் ஆண்டு இயல்பு.

வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருள் என்பது யாது எனின், கூறுவாம். இன்னார் இன்ன நாளில் இன்ன பொருளுக்கு விலை கேட்டார், யாம் தந்த கொட்டேஷன் இது, அவர் கூறிய குறை தீர்ந்ததா, தீராது கிடக்கின்றதா என்பனவற்றை எல்லாம் ஓரிடத்திற் பதிந்து, வேண்டுவார் வேண்டும்போது காணுமாறு வைக்கும் கணினியேடு அது. அமெரிக்க நாட்டில் 1999-இல் தோன்றிய சேல்ஸ்ஃபோர்ஸ் இத்துறையிற் பெரும்பெயர் பெற்றது. நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனமும் 2005 முதல் இத்தகைய மென்பொருளை விற்று வருகின்றது. ஆகவே ஏட்டிற்குப் பஞ்சமில்லை. ஆயினும் பழைய கணக்குகளைத் திருத்தி அதனுள் ஏற்றுதல், எவர் எதனைக் காணலாம் என வரையறுத்தல், பணியாளரைப் பழக்குதல் ஆகிய வேலைகளை அறிந்தார் ஒருவர் செய்து தரல் வேண்டும். அவரே ஆலோசனைத் துணைவர் எனப்படுவார்.

எம் பட்டறையில் இவ்வேட்டின் தொழிலை 30 ஆண்டுகட்கு மேலாகச் செய்து வந்தவர் ஒரு முதிய குமாஸ்தா. அவர்தம் நோட்டுப் புத்தகங்களில், ‘இவர் வெள்ளிக்கிழமை விலை பேசார்’ எனவும், ‘இவரிடம் துளையின் அளவைத் தொலைபேசியிற் கேட்டல் ஆகாது, வரைபடம் பெறுக’ எனவும் குறிப்புகள் நிறைந்திருந்தன. அவர் ஓய்வு பெறுதற்கு ஓராண்டே எஞ்சியிருந்தது. அவரோடு இவ்வறிவும் போய்விடுமோ என்பது எம் அச்சம். மென்பொருளுக்கென ஒதுக்கிய தொகையோ, தேய்ந்து போன கடைசல் இயந்திரம் ஒன்றை மாற்றுதற்கெனச் சேர்த்து வைத்தது. அது வீணாயின் இயந்திரமும் இல்லை, ஏடும் இல்லை என்னும் நிலை நேரும்.

மூவர் வந்தனர். முதல்வர் பெங்களூரின் ஒரு பெரிய நிறுவனத்தார். வண்ணப் படங்கள் பல காட்டி, ஆறே வாரத்தில் முடிப்போம் என்றனர். இரண்டாமவர் சென்னையிலிருந்து வந்தவர். விலை குறைவு, காலம் இரண்டு திங்கள் என்றார். மூன்றாவதாக வந்தவர் ஓசூரிலேயே சிறு அலுவலகம் வைத்திருந்த இளம் பொறியாளர் ஒரு பெண்மணி. அவர் படம் ஒன்றும் காட்டவில்லை. “பழைய லெட்ஜர்களைப் பார்க்கலாமா?” என்று கேட்டு, குமாஸ்தாவின் அருகே இரண்டு நாள் அமர்ந்தார்.

இரண்டாம் நாள் மாலை, “ஐயா, இந்த வாடிக்கையாளர் ஒருவரா, இருவரா?” என வினவினார். ஒரே நிறுவனம் ஓசூரிலும் பொம்மசந்திராவிலும் தொழிற்கூடம் வைத்திருந்தது. ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்துகளால் ஆயது. அதன் முதலிரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பன. தமிழகத்திற்கு 33, கர்நாடகத்திற்கு 29. எனவே அந்நிறுவனத்திற்கு இரண்டு எண்கள். எண்ணை மட்டும் நோக்கும் மென்பொருள் அதனை இரு வேறு வாடிக்கையாளராகக் கொள்ளும். ஓசூரில் அவர்க்குக் கொடுத்த விலை பொம்மசந்திராவிற்கு எழுதுவார்க்குத் தெரியாது போம். “ஒருவர்தாம் அம்மா, ஆனால் பணம் தருபவர் இருவர்” என்று பெரியவர் விடை கூறினார். அவ்வெண்ணின் மூன்றாம் எழுத்து முதல் பன்னிரண்டாம் எழுத்து வரை வரும் பகுதி வருமான வரிக்குரிய பான் எண் ஆதலின், அதனைக் கொண்டு இரண்டையும் ஒருவர் கீழ்ச் சேர்க்கலாம் என அப்பெண்மணி குறித்துக் கொண்டார். பெயர்களோ ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வகையாய் எழுதப்பட்டிருந்தன. இவற்றைத் திருத்துதற்கே இரண்டு திங்கள் ஆகும் எனவும், முழு வேலைக்கு ஐந்து திங்கள் வேண்டும் எனவும் அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

பங்குதாரருள் ஒருவர், “ஆறு வாரத்தில் முடிப்பார் இருக்க, ஐந்து மாதம் கேட்பாரிடம் எதற்குப் போக வேண்டும்?” என்றார். அவ்வினா நேரியதே. அதற்கு விடையாக யாம் ஒரு வழக்கின் வரலாற்றை அவர்க்கு எடுத்துரைத்தோம்.

இங்கிலாந்தின் பிரிட்டிஷ் ஸ்கை பிராட்காஸ்டிங் என்னும் தொலைக்காட்சி நிறுவனம், தன் வாடிக்கையாளர் பணிக்கென இத்தகைய மென்பொருளமைப்பை நிறுவ 2000-இல் இ.டி.எஸ். என்னும் நிறுவனத்தைத் தேர்ந்தது. ஒப்பந்தத் தொகை ஏறத்தாழ 4.8 கோடி பிரிட்டிஷ் பவுன். ஒன்பது திங்களில் அமைப்பு பயனுக்கு வரும் என்றனர், வரவில்லை. 2002-இல் ஸ்கை நிறுவனம் வேலையைத் தானே ஏற்று, 2006-இலேதான் முடித்தது. வழக்கு இலண்டன் உயர்நீதிமன்றம் சென்றது. வேண்டும் காலத்தைத் தக்கவாறு ஆராய்ந்தே கூறினோம் என்று இ.டி.எஸ். சொன்னது வஞ்சனையான பொய் என 2010 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. பொறுப்பு 3 கோடி பவுனுக்கு மேற்படாது என ஒப்பந்தத்தில் இருந்த வரம்பு வஞ்சனைக்குப் பொருந்தாது ஆயிற்று. முடிவில் 31.8 கோடி பவுன் கொடுத்து வழக்கைத் தீர்த்தனர். வேலையை முன்னின்று பெற்ற அதிகாரி காட்டிய மேலாண்மைப் பட்டம் பணத்திற்கு விற்கப்படுவது எனக் காட்ட, எதிர்த்தரப்பார் ஒரு நாயின் பெயரால் அப்பட்டத்தையே வாங்கினர். நாய் அவரினும் மிகுந்த மதிப்பெண் பெற்றது!

நகைக்கத்தக்கது நாயின் பட்டமாயினும், நினைக்கத்தக்கது நாட்கணக்கே. ஆதலின் யாம் மூவரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டோம். நீர் கூறும் காலம் எக்கணக்கால் வந்தது? இங்கு வந்து வேலை செய்வார் யாவர்? நீர் முன்பு அமைத்துத் தந்த இடத்தை ஓராண்டு கழிந்த பின் யாம் நேரிற் சென்று காணலாமோ? எம் பதிவுகள் அனைத்தையும் எப்பொழுது வேண்டினும் முழுமையாக எடுத்துக்கொள்ளும் உரிமை எமக்கு உண்டோ? முதல்வர் தம் அனுபவமே கணக்கு என்றார். இரண்டாமவர், வேலை செய்வார் பெயரை ஒப்பந்தத்திற்குப் பின் அறிவிப்பதாகக் கூறினார். மூன்றாமவர் தாம் செய்து கொடுத்த இரண்டு பட்டறைகளின் முகவரி தந்து, அவற்றுள் ஒன்றில் பாதிப்பேர் இன்னும் ஏட்டைப் பயன்படுத்தவில்லை என்பதையும் தாமே கூறினார். சென்று கண்டோம், அவர் கூறியவாறே இருந்தது. பங்குதாரர் அதன்பின் மறுப்புரைக்கவில்லை. தொகையை நான்கு தவணையாக்கி, ஒவ்வொரு பகுதியும் எம் பணியாளர் கையில் ஓடிக் காட்டிய பின்னரே கொடுப்பது என எழுதிக்கொண்டோம்.

வேலை ஆறாம் திங்களின் தொடக்கத்தில் முடிந்தது. குறை இல்லாமல் இல்லை. விற்பனையாளர் இருவர் இன்றும் முதலிற் காகிதத்திலேயே எழுதுகின்றனர். ஆயினும் பெரியவரின் குறிப்புகள் அந்தந்த வாடிக்கையாளரின் பெயர்க்கீழ்த் தமிழிலேயே ஏறிவிட்டன. அவர் ஓய்வு பெற்ற மறுவாரம், அவர் இருக்கையில் அமர்ந்த இளைஞர் வெள்ளிக்கிழமையன்று ஒருவரிடம் விலை பேச எண்ணி, ஏட்டைப் பார்த்துத் திங்கட்கிழமைக்கு ஒத்தி வைத்தார். பழைய இயந்திரம் மட்டும் இன்னும் அரற்றிக்கொண்டே ஓடுகின்றது.

மாணவ நண்பர்காள்! உங்களுள் பலர் நாளை இத்தொழிலில் மேசையின் மறுபுறம் அமர்வீர்கள். எத்தனை நாளில் முடியும் என்று பிறர் வினவுவர். குறைத்துக் கூறுவார்க்கு வேலை எளிதிற் கிட்டுவதையும் காண்பீர்கள். அளந்தறிந்த பின் நாளைக் கூறுங்கள். அளவாததை அளவாதது என்றே கூறுங்கள். அதனால் ஓரிரு வேலைகள் கைவிட்டுப் போகலாம். ஆயினும் அத்தகையாரைத் தேடுவார் ஓசூர் போன்ற ஊர்களில் இருக்கின்றனர் என்பதற்கு யாமே சான்று.