சவுலின் கவசமும் பழைய காலணியும்



ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் வேளையில், எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கென்று உங்கள் பிள்ளைகளின் பழைய காலணிகளைச் சபைக்குக் கொண்டுவருகிறீர்கள். அந்த மனதுக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன். ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சட்டை சற்றுத் தொளதொளவென்று இருந்தாலும் பிள்ளை உடுத்திக்கொள்ளும். காலணியோ முதலில் அணிந்தவரின் பாதத்துக்கேற்ப வளைந்து, அழுந்தி, தேய்ந்திருக்கிறது. அளவு பொருந்தாவிட்டால் குதிகால் புண்ணாகும்; சில நாளில் அது மூலையில் கிடக்கும்.

1 சாமுவேல் 17ஆம் அதிகாரத்தில் சவுல் தன் தலைச்சீராவையும் கவசத்தையும் தாவீதுக்கு அணிவிக்கிறான். கொடுத்தவன் ராஜா, கொடுத்த பொருளும் சிறந்தது. ஆனால் ஜனங்கள் எல்லாரிலும் உயரமான சவுலுக்குரியதை அணிந்து, ஆடு மேய்த்த இளைஞனால் நடக்க இயலவில்லை. அவன் அவற்றைக் கழற்றிப்போட்டான். கொடுத்தவன் பெற்றுக்கொள்பவனின் அளவைப் பார்க்கவேயில்லை.

ஆகவே, அளவைப் பார்த்துக் கொடுப்போம். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், பிள்ளையைக் காகிதத்தின்மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். காலணி சிறிது பெரிதாயிருந்தால், அந்த வரைவின்படி தடித்த கம்பளித் துணியை வெட்டி உள்ளே இடலாம். குதிகால் வழுக்கினால் பின்புறம் ஒரு சிறு துண்டை ஒட்டலாம். தோல் காலணியில் ஓரிடம் மட்டும் இறுகினால், அங்கே ஈரக் காகிதத்தைத் திணித்து நிழலில் உலரவிடுங்கள், சற்று இளகும். ரெக்சின் அவ்வாறு இளகாது. அடிப்பாகம் பிரிந்திருந்தால் பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, இருபுறமும் ரப்பர் பசை தடவி, அது சற்று உலர்ந்தபின் அழுத்தி ஒட்டி, சைக்கிள் டியூப் துண்டால் இரவு முழுதும் கட்டிவையுங்கள். ஒருபக்கமாய்த் தேய்ந்து சாய்ந்ததையும், விரல் முட்டும் அளவுக்குச் சிறியதையும் கொடுக்கவேண்டாம். அது நடையையும் பாதத்தையும் கெடுக்கும்.

இதைச் செய்ய, மற்றொருவர் அணிந்த காலணியைக் கையில் எடுக்கவேண்டும். நம் நாட்டில் அது இலேசான காரியமல்ல. தோலையும் செருப்பையும் தொட்டு உழைத்தவர்களை ஊருக்குப் புறம்பே நிறுத்திய வரலாறு நம்முடையது. அந்த அருவருப்பு ஆலய வாசலோடு நின்றுவிட்டது என்று நாம் சொல்லமுடியாது. ஆனால் அப்போஸ்தலனாகிய பேதுரு யோப்பாவில் அநேக நாள் தங்கியது தோல் பதனிடுகிற சீமோனின் வீட்டில். 1793ஆம் ஆண்டு வங்காளத்துக்கு வந்த மிஷனெரி வில்லியம் கேரி, இங்கிலாந்தில் காலணி தைத்துப் பிழைத்தவர். நம் ஆண்டவரோ சீஷருடைய கால்களைத் தம் கைகளால் கழுவினார். பரலோகத்திலிருந்தபடியே ஈவுகளை அனுப்பிவிடாமல், மனுஷ சாயலில், நம் அளவுக்கு வந்தவர் அவர்.

பிரியமானவர்களே, இவ்வாண்டு பெட்டியில் காலணியைப் போடுமுன், அதை அணியப்போகும் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு மாலை சென்றுவாருங்கள். காகிதமும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு, அதன் பாதத்தருகே சற்று நேரம் தரையில் உட்காருங்கள். கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.