மஞ்சப்பைகளைக் கலைத்தவன்

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மேஸ்திரி விட்டுப்போன கட்டட வரைபடங்களை நான் பாழாக்கினேன். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. எல்லாம் ஸ்கேன் ஆகி ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருக்கின்றன. ஆனாலும் பாழாக்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் பாலமலை அடிவாரத்திலும் தடாகம் பக்கமும் வீடு கட்டியவர். மனையை மட்டப்படுத்த மாட்டார். சரிவு எப்படியோ வீடும் அப்படியே இறங்கும். சுவருக்கு அந்தந்தக் காட்டு மண். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றுக்கு எந்தப் பக்கம் முதுகு காட்டுவது, எந்தப் பக்கம் திண்ணை விடுவது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் இதைத்தான் ஆர்கானிக் கட்டடக்கலை என்றார். மேஸ்திரி அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், கிழித்த காலண்டர் தாள், சிமெண்ட் பை என்று கையில் கிடைத்ததில் வரைந்திருந்தார். எதிலும் வீட்டுக்காரர் பெயர் இல்லை. தேவைப்படவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு மஞ்சப்பை. அதற்குள் வரைபடம், கூலிக் கணக்கு, அந்த மனையின் மண் ஒரு பிடி, துணியில் முடிந்தது.

பைகளை என்னிடம் ஒப்படைத்த அன்று அவருடைய மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, பையைக் கலைச்சுப்போடாதீங்க. ஒவ்வொரு பையும் ஒரு வீடுன்னு அப்பா சொல்லுவாருங்க."

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பிரிச்சுக்குமுங்க்கா" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

கம்ப்யூட்டர் பிரிக்காது என்று எனக்குத் தெரியும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் அறியாமல் செய்தவன் அல்ல. ஆவணங்களின் மூல வரிசையைக் குலைக்கக் கூடாது என்பது ஆவணக் காப்பாளனான என் தொழிலின் அரிச்சுவடி. மேடையில் அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். ரைட்டின் ஆவணங்கள் 2012-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஏவரி நூலகத்துக்கும் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கும் போயின. சுமார் 23,000 வரைபடங்கள். அவ்வளவு இருந்தும் குழப்பமில்லை. கட்டடத்துக்கு ஓர் எண், அதன்பின்தான் தாளுக்கு எண். ஃபாலிங்வாட்டர் வீட்டின் தாள் எது என்றாலும் 3602 என்றே தொடங்கும். அந்த எண்ணைப் படம் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கியவன் நான். மேஸ்திரி அதே வேலையை மஞ்சப்பையால் செய்திருந்தார். எனக்கு அது கிராமத்துப் பழக்கமாகப் பட்டது.

ஸ்கேனரில் ஒரே அளவுத் தாள்களை அடுக்கி ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியும். பணம் கொடுத்தவர்களுக்குக் காட்ட எண்ணிக்கை வேண்டியிருந்தது. பைகளை ஒவ்வொன்றாகத் தரையில் கவிழ்த்தேன். தாள்களை அளவு வாரியாகப் பிரித்தேன். மண் முடிப்புகளை அவிழ்த்து வாசலில் உதறினேன். தூசு கண்ணாடியில் ஒட்டும் என்பதுதான் அப்போது என் ஒரே கவலை. ஒரு மதியத்துக்குள் வீடுகள் எல்லாம் போயின.

ரைட்டின் டாலியசின் பயிற்சிக்கூடத்தில் இருந்துவிட்டு வந்த கட்டடக் கலைஞர் நாரி காந்தி வரைபடமே அரிதாகத்தான் போடுவார். மனையில் நின்று சொல்லிச் சொல்லிக் கட்டுவார். இந்த வகைக் கட்டடக்கலையில் தாள் பாதி, மண் பாதி. நான் ஒரு பாதியை வாசலில் கொட்டிவிட்டு மறுபாதிக்குப் பாதுகாவலன் என்று பெயர் வாங்கிக்கொண்டேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் கவனக்குறைவு என்று மன்னிக்கலாம். விவரப் பட்டியலில் 'எந்த வீடு' என்றொரு கட்டம் இருந்தது. வெறுமையாக விட்டால் கேள்வி வரும். பயந்தேன். ஓட்டுக் கூரையின் சாய்வு, தொட்டிக்கட்டின் அளவு இவற்றைப் பார்த்து ஊகித்து நிரப்பினேன். ஊகம் என்று எங்கும் குறிக்கவில்லை. ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் போதும். போடவில்லை.

பிறகு ஒரு விவசாயி வந்தார். மேஸ்திரி கட்டிய வீட்டை ஒட்டி இரண்டு அறை எடுக்க வேண்டும், பழைய கடைக்கால் கணக்கு கிடைக்குமா என்றார். பட்டியலைப் பார்த்து ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தேன். அது தடாகம் பக்கத்துச் செம்மண் மனைக்குப் போட்ட கணக்கு. அவர் காடோ கரிசல். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். கடைக்கால் ஆழமாகப் போக வேண்டும். முதல் மழைக்காலம் கழிந்ததுமே ஜன்னல் மூலையிலிருந்து கூரைவரை விரிசல் ஓடியது. பருத்திப் பணத்தை அதில் போட்டிருந்தார்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "மேஸ்திரி கணக்குத் தப்பிப்போச்சுங்க" என்றார். ஊரும் அதையே சொன்னது. அது அந்த மகளின் காதுக்கும் போயிருக்கிறது. செத்தவர் மேல் பழி விழுந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

மண்ணைத் திரும்ப எடுத்துவரலாமே என்று தோன்றலாம். தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. அதற்கு முன்பே பல காடுகளின் செம்மண் ஆள் உயரத்துக்கும் மேல் தோண்டப்பட்டிருந்தது. மேஸ்திரி பிடி மண் எடுத்த மனைகளில் சில இன்று பள்ளம்.

ஊகித்து எழுதியவற்றை எல்லாம் அழித்து, 'தெரியவில்லை' என்று மாற்றிவிட்டேன். மகளிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கூலிக் கணக்கில் இருந்த ஆட்களின் பெயர்களை வைத்துச் சில தாள்களைச் சேர்த்துக் கொடுத்தார். எந்த வேலைக்கு யார் போனார்கள் என்று அவருக்கு நினைவிருக்கிறது. மீதி சேரவில்லை.

அந்த விவசாயியிடம் இன்னும் சொல்லவில்லை. நஷ்டத்தைக் கேட்பார் என்ற பயம்தான், வேறு காரணம் இல்லை. இது அச்சாகும் முன் ஒரு படியை அவரிடம் கொடுக்கப் போகிறேன். அவர் கேட்கிற தொகையில் பேரம் பேச எனக்கு வாயில்லை.