முப்பதில் ஒரு பங்கு

அந்தமான் நிர்வாகத்தின் நாள்கூலித் தொழிலாளர் கேட்பது எளிய கணக்கு. நிரந்தர ஊழியருக்கு ஒத்த வேலையைச் செய்வோருக்கு, தொடக்க ஊதியத்தில் முப்பதில் ஒரு பங்கும் அகவிலைப்படியும் நாள்கூலியாகத் தரவேண்டும் என 1988 ஜூன் 7 அன்றே மத்திய அரசு ஆணையிட்டது. ஏழாவது ஊதியக் குழுவின் தொடக்க ஊதியம் 18,000 ரூபாய். முப்பதில் ஒரு பங்கு 600. 2023 தொடக்கத்தின் 42 விழுக்காடு அகவிலைப்படியோடு 852.

2022 டிசம்பர் 19 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் ஆணையிட்டது. அது நிறைவேறாததால், 2023 ஆகஸ்ட் 3 அன்று தலைமைச் செயலரை இடைநீக்கம் செய்து, துணைநிலை ஆளுநருக்கு ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

வென்ற வழக்கும் கைக்கு எட்டாது போகலாம் என்பதை அந்த ஒரு நாள் காட்டியது. இத்தகைய நிலையில், ‘இனிமேல் உயர்வு உண்டு, பழைய நிலுவை இல்லை’ என்றொரு ஏற்பாடு முன்வைக்கப்பட்டால் சங்க உறுப்பினர் என்ன செய்வார்? இளையவருக்கு அது இருபத்தைந்து ஆண்டு ஊதியம். ஓய்வை நெருங்கியவருக்கோ நிலுவைதான் எல்லாம்: நாளொன்றுக்கு நூறு ரூபாய் குறைந்திருந்தாலும், மாதம் 26 நாள் வேலைக்கு ஐந்தாண்டில் 1,56,000 ரூபாய்.

சங்கத்தில் இருவருக்கும் ஒரே வாக்கு. இழப்பு மட்டும் ஒன்றல்ல. ஆகவே உயர்வைப் பெற்றுக்கொள்வதில் தவறில்லை. ‘நிலுவை உரிமைக்குப் பாதகமின்றி’ என்று எழுதிய பின்னரே கையொப்பமிட வேண்டும். அவ்வரி மறுக்கப்பட்டால், மூத்தவரின் பணத்தில் இளையவருக்கு உயர்வு தரப்படுகிறது என்பதே பொருள்.